கரைக்குள் கசியும் குழாய்: சுரங்கத்தின் மண்கரை எப்போது சரியும்?

சுரங்கங்களில் மண்கரைகளுக்குள் தண்ணீர்க் குழாய் போவது சாதாரணம். குழியில் தேங்கும் நீரை வெளியேற்றவும் ஆலைக்கு நீர் கொண்டுபோகவும் குழாய் வேண்டும். மேலே லாரி ஓடுவதால் அதைப் புதைத்துவிடுகிறார்கள். அந்தக் குழாயில் நீர் 5 பார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 5 மடங்கு) ஓடுகிறது, அதில் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் அந்த ஓட்டை விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பீய்ச்சும். ஒரு நாள் கணக்கு போட்டால் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். புதைந்த குழாயைச் சுற்றியுள்ள மண் தடுக்கும் என்பதால் இந்த அளவு குறையும். மணலில் கொஞ்சம், களிமண்ணில் ரொம்பவே. அப்படியானால் களிமண் கரைக்குக் கவலை இல்லை என்று தோன்றும். ஆனால் கரையைச் சாய்ப்பது வெளியே ஓடிப்போன நீர் இல்லை. போக வழியில்லாமல் உள்ளேயே அழுத்தத்தோடு நிற்கும் நீர்தான்.

மண்துகள்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால்தான் கரை நிற்கிறது. அந்த நெருக்கத்திலிருந்து உராய்வு பிறக்கிறது. துகள்களுக்கு இடையில் நீர் நிரம்பியதும் பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்கத் தொடங்குகிறது. நீருக்கு உராய்வு கிடையாது. அது தாங்கும் அளவுக்குத் துகள்களின் பிடி தளர்கிறது. எடையோ குறைவதில்லை, நனைந்து கூடத்தான் செய்கிறது. துகள்களுக்கு இடையில் நிற்கும் நீரின் அழுத்தத்தைத் துளைநீர் அழுத்தம் என்பார்கள். அதன் இந்த வேலையை 1920களில் தெளிவாக வகுத்துக் காட்டியவர் மண்ணியல் பொறியாளர் கார்ல் டெர்சாகி.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு. 35 டிகிரி உராய்வுக் கோணம் (காய்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு) கொண்ட மணல். காய்ந்திருக்கும்போது, சரியாமல் தாங்கும் விசை சரியத் தள்ளும் விசையைப்போல 1.4 மடங்கு. இதைத்தான் பாதுகாப்பு எண் என்கிறார்கள். அதே சரிவில் நீர் மேற்பரப்பு வரை நிரம்பி, சரிவை ஒட்டியே கீழ்நோக்கி ஓடினால் எண் 0.7 ஆகிவிடும். 1-க்குக் கீழே போன கரை நிற்காது. மண்ணும் மாறவில்லை, சரிவும் மாறவில்லை. தண்ணீர் மட்டும்தான் புதிதாக வந்தது.

இன்னொரு வழியிலும் கரை போகும். வளைந்த குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணை இறுக்குவது கடினம்; அங்கே இளகலாகவே இருக்கும். கசியும் நீர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு நுண்துகள்களை இழுத்துச் செல்கிறது. உள்ளே பொந்து விழுகிறது, குழாய் தொய்கிறது, இணைப்பு இன்னும் விலகுகிறது, கசிவு கூடுகிறது. கரையடியில் கலங்கிய நீர் வந்தால் மண் வெளியேறுகிறது என்று பொருள். தெளிந்த நீரைவிட அதற்குப் பல மடங்கு அவசரம் காட்ட வேண்டும்.

இத்தாலியின் ஸ்தாவா பள்ளத்தாக்கில் ஒரு ஃபுளோரைட் சுரங்கத்தின் கழிவுக்குட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. 1985 ஜனவரியில், அடியில் வடிகுழாய் போகும் இடத்தில் மேல்கரை சற்றே சரிந்தது. ஜூனில் குழாய்ப் பழுதால் கீழ்க்குட்டையில் பெரிய குழி விழுந்தது. ஜூலை 19 அன்று மேல்கரை உடைந்து கீழ்க்கரையையும் அடித்துச்சென்றது. 268 பேர் இறந்தார்கள். குழாய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்தக் கரைகள் முதலிலிருந்தே விளிம்பில்தான் நின்றன. அப்படிப்பட்ட கரைக்குச் சிறு கசிவும் அதிகம்.

சரி, முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது? குழாய் கசியுமா என்று வாதிடாமல், கசிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். ஓட்டையை வெவ்வேறு இடங்களில் வைத்து, நீர் நாளுக்கு நாள் எங்கே பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கரையை அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டுவதால் நீர் கீழே இறங்குவதைவிட எளிதாகப் பக்கவாட்டில் ஓடும். இதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு நாளின் துளைநீர் அழுத்தத்தையும் வைத்து, சரியக்கூடிய ஆயிரக்கணக்கான வளைபரப்புகளைச் சோதித்து, இருப்பதில் குறைந்த பாதுகாப்பு எண்ணைத் தேடுகிறார்கள். நீண்டகாலத்துக்குப் பொதுவாக 1.5 எதிர்பார்க்கப்படுகிறது. அந்த எண்ணைவிட, கசிவு தொடங்கி எத்தனை நாளில் அது 1-ஐத் தொடுகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். கசிவைக் கண்டுபிடித்து வால்வை மூட அதைவிட அதிக நாள் ஆகும் என்றால், குழாயைக் கரையைவிட்டே வெளியே எடுத்துவிடுவது நல்லது.

குழாயின் இரு முனைகளிலும் மீட்டர் வைத்துப் பெரிய கசிவைப் பிடிக்கலாம். சிறு கசிவு மீட்டரின் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் துளைநீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களைக் குழாய்த் தடத்தை ஒட்டியே பதிக்க வேண்டும். வால்வை மூடியதும் மணற்கரை சீக்கிரமே வடிந்துவிடும். களிமண் கரைக்குள் அழுத்தம் மாதக்கணக்கில் நிற்கும். பீசோமீட்டர் அளவு இறங்கும்வரை அதன்மேல் லாரி ஏறக்கூடாது, கரையடியில் ஆள் நிற்கக்கூடாது.