மெக்சிகோ நகரத்து வானொலி இரவில் கடல் தாண்டியது எப்படி?

1930 செப்டம்பர் 18 அன்று, மெக்சிகோ நகரத்தின் ஒலிம்பியா சினிமா தியேட்டர் கட்டடத்திலிருந்து ஒரு தனியார் வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் பெயர் எக்ஸ்.இ.டபிள்யூ. நடத்தியவர் எமிலியோ அஸ்காரகா என்ற வியாபாரி. இசைத்தட்டு விற்பனையில் இருந்தவர் என்பதால், எந்தப் பாட்டு மக்களிடம் போகும் என்ற கணக்கு அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் நிலையத்தின் ஆற்றல் 5,000 வாட்தான். ஆனால் அது தனக்கு வைத்துக்கொண்ட பட்டமோ 'மெக்சிகோவிலிருந்து லத்தீன் அமெரிக்காவின் குரல்'.

வெறும் விளம்பரப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டத்தைப் பெருமளவு உண்மையாக்கியது இயற்கையே. பகலில் தலைநகரையும் அதைச் சுற்றிய மாநிலங்களையும் மட்டுமே எட்டிய அதே ஒலிபரப்பு, இருட்டியதும் மத்திய அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் கேட்டது. இந்த நிலையத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பாடகர்களைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். சூரியன் மறைவதற்கு அதில் இருந்த பங்கையும் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

எக்ஸ்.இ.டபிள்யூவின் அலைவரிசை 900 கிலோஹெர்ட்ஸ். நாம் மத்திய அலை என்று சொல்லும் பகுதியில் வருவது. இந்த அலையின் நீளம் சுமார் 333 மீட்டர். இவ்வளவு நீளமான அலை, கோபுரத்திலிருந்து கிளம்பி நிலத்தை ஒட்டியே வளைந்து செல்லும். இதைத் தரை அலை என்கிறோம். ஈரமான, உப்பு கலந்த மண்ணில் அது தூரம் போகும். வறண்ட பாறை நிலத்தில் சீக்கிரமே சோர்ந்துவிடும். பகல் நேரத்து ஒலிபரப்பு பெரும்பாலும் இதை நம்பித்தான் நடக்கிறது.

கோபுரத்திலிருந்து மேல்நோக்கிப் போகும் பங்கும் உண்டு. சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அது அயனி மண்டலம் எனப்படும், மின்னேற்றம் பெற்ற காற்றுப் பகுதியின் கீழடுக்கைச் சந்திக்கிறது. சூரிய ஒளி அங்கே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. வானொலி அலை வந்ததும் அந்த எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். தடையில்லாமல் ஆட முடிந்தால், வாங்கிய ஆற்றலை அலையாகவே திருப்பித் தந்துவிடும். ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகவே இருக்கிறது. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே கரகம் ஆடப் பார்த்தவர் போல, எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுகளில் இடித்துக்கொண்டே இருக்கிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. பகலில் வெளியூர் மத்திய அலை நிலையங்கள் காணாமல் போவதற்கு இந்த அடுக்கே காரணம்.

இரவில் என்ன நடக்கிறது? வெயில் நின்றதும் கீழடுக்கின் எலக்ட்ரான்கள் வேகமாக மீண்டும் இணைந்துவிடுகின்றன. அடுக்கே கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. 100 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அடுக்குகளில் காற்று மிக மெல்லியது. உயரம் கூடக்கூட, இணைவதற்குத் துணை கிடைப்பது அரிதாகிறது. அதனால் அங்கே எலக்ட்ரான்கள் விடியும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. உறிஞ்சும் அடுக்கு போய்விட்டது, திருப்பி அனுப்பும் அடுக்கு மிஞ்சியிருக்கிறது. மேலே போன அலை வளைந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்குகிறது. மெக்சிகோ நகரத்திலிருந்து குவாத்தமாலா நகரம் சுமார் 1,000 கிலோமீட்டர், ஹவானா சுமார் 1,800 கிலோமீட்டர். இரண்டுமே இந்த வான் அலையின் எல்லைக்குள் வருகின்றன.

இந்த அலைக்கு ஒரு குணம் உண்டு. வெவ்வேறு பாதையில் வரும் அலைகள் ஒன்றுக்கொன்று துணையாகவும் எதிராகவும் மாறிமாறிச் சேர்வதால், பாட்டு திடீரென்று ஓங்கும், பிறகு அமுங்கும். தொலைதூர நிலையத்தை இரவில் கேட்டவர்கள் யாருக்கும் இது பழகிய அனுபவம்தான்.

இப்போது வியாபாரப் பக்கம் வருவோம். மெக்சிகோவில் வானொலி 1920களிலேயே விளம்பரத்தோடு பிறந்தது. எல் புவென் தோனோ என்ற சிகரெட் கம்பெனி 1923இலேயே சொந்த நிலையம் வைத்திருந்தது. அஸ்காரகா இதைப் பெரிய அளவில் செய்தார். நட்சத்திரப் பாடகர்களை நேரடியாகப் பாட வைத்து, அந்த நேரத்தை விளம்பரதாரர்களுக்கு விற்றார். வேலை முடிந்து குடும்பம் வீட்டில் கூடும் நேரமும் வான் அலை விழித்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தன. மாலை நேரத்து ஒரு நிமிடம் பல நாடுகளின் காதுகளைச் சேர்த்தே பிடித்தது.

அகுஸ்தீன் லாரா பியானோ முன் உட்கார்ந்து பொலேரோ என்ற மென்மையான காதல் பாடல்களைப் பாடியது இந்த நிலையத்தில்தான். 1934இல் பிரான்சிஸ்கோ கபிலோந்தோ சோலேர், 'கிரி-கிரி' என்ற பாடும் சில்வண்டாகக் குழந்தைகளுக்கு அறிமுகமானதும் இங்கேதான். மத்திய அலையில் மிக உயர்ந்த சுரங்கள் அடிபட்டுப்போகும். மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி நன்றாகவே வரும். மைக்குக்குப் பக்கத்தில் மெதுவாகப் பாடும் பொலேரோவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் அன்று இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

நிலையம் வளர வளர ஆற்றலும் கூடி, பின்னாளில் 2,50,000 வாட்டை எட்டியது. 5,000 வாட்டோடு ஒப்பிட்டால் 50 மடங்கு. ஆனால் வானொலிப் பெட்டியை வந்தடையும் மின்புலம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயரும். அதாவது சுமார் 7 மடங்கு. இதற்கா இவ்வளவு செலவு? ஆம். வெப்பமண்டலத்தில் இடி மின்னலின் கரகரப்பு மத்திய அலையை ஓயாமல் அரிக்கிறது. அந்த 7 மடங்குதான் வார்த்தை புரிவதற்கும் புரியாமல் போவதற்கும் இடையே உள்ள வித்தியாசம்.

ஆற்றல் மட்டும் இருந்தால் போதாது. இரவில் இவ்வளவு தூரம் போகும் அலை, அதே எண்ணில் ஒலிபரப்பும் இன்னொரு நாட்டு நிலையத்தோடு மோதும். இதைத் தீர்க்க 1937இல் ஹவானாவில் வட அமெரிக்க நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. 1941இல் அது நடைமுறைக்கு வந்தது. 900 கிலோஹெர்ட்ஸ் மெக்சிகோவுக்கு முன்னுரிமையாகக் கிடைத்தது. அதே எண்ணில் இருந்த அமெரிக்க நிலையங்கள் பல, இரவானதும் ஒலிபரப்பை நிறுத்தவோ ஆற்றலைக் குறைக்கவோ வேண்டியிருந்தது. கோபுரத்துக்கு நிகராக இந்தக் காகிதமும் எக்ஸ்.இ.டபிள்யூவைத் தாங்கியது. அதே 1941இல் அஸ்காரகாவும் கிளெமென்தே செர்னா மார்தினெஸும் தொடங்கிய ரேடியோ புரோகிராமாஸ் தே மெக்சிகோ, வான் அலை சரியாகச் சேராத ஊர்களின் சிறு நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. அதையும் அஸ்காரகா விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் அதே பெயரில் ஒரு சேனல் தொடங்கினார். வானொலியிலிருந்து பாடகர்களும் பணமும் மெல்ல அங்கே நகர்ந்தன.

மத்திய அலைக்கு உள்ளேயே ஒரு செலவும் ஒளிந்திருந்தது. மத்திய அலை நிலையங்கள் பயன்படுத்தும் வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏ.எம். முறையில்) ஒலியைச் சுமக்கும் ஊர்தி அலையே ஆற்றலில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. பாட்டே இல்லாத நொடியிலும் அது முழு வலுவோடு போய்க்கொண்டிருக்க வேண்டும். வானொலிப் பெட்டி எளிமையாகவும் மலிவாகவும் இருக்க முடிந்ததற்கு இந்த ஊர்தி அலைதான் காரணம். அதன் மின்கட்டணத்தைக் கட்டியவர் நிலையக்காரர்.

எக்ஸ்.இ.டபிள்யூவுக்கு 96.9 மெகாஹெர்ட்ஸில் பண்பலையும் உண்டு. அந்த அலையின் நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சாதாரண நாளில் அயனி மண்டலம் இதைத் திருப்பி அனுப்பாது. ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். மலைகள் சூழ்ந்த மெக்சிகோ பள்ளத்தாக்குக்குள் ஒலி மிகத் துல்லியமாக இருக்கும். ஹவானாவில் மட்டும் கேட்காது.