கவுன்சிலர்: பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

சென்னையில் எந்த வார்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வீட்டு வாசல் பலகையில் 'மாமன்ற உறுப்பினர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த வீட்டுக்குத் தெருமுனையில் வழி கேட்டால், "கவுன்சிலர் வீடுதானே, பால் பூத்தைத் தாண்டி ரெண்டாவது" என்பார்கள். மாமன்ற உறுப்பினர் என்று வாயால் சொல்லி வழி காட்டிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே ஆளுக்கு இப்படி இரண்டு பெயர். இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா என்று பார்க்கலாம்.

கவுன்சிலர் ஆங்கிலத்திலிருந்து வந்தது, அதன் வேர் லத்தீன். லத்தீனில் ஒலியால் நெருங்கிய இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று கொங்கிலியும்: கூப்பிட்டுக் கூட்டிய கூட்டம், அதாவது அவை. மற்றது கொன்சிலியும்: யோசனை, அறிவுரை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பிறகு எழுத்தில் மட்டும் பிரிந்தன. தமிழ் எழுத்தில் அந்தப் பிரிவும் இல்லை. அதனால்தான் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவரும் நமக்குக் கவுன்சிலர், மழைநீர் வடிகாலுக்காக நாம் தேடிப் போகிறவரும் கவுன்சிலர். பொறியியல் சேர்க்கைக் கவுன்சிலிங்கைக் கலந்தாய்வு என்று அழகாக மாற்றிக்கொண்டோம். இங்கே குழப்பம் அப்படியே நிற்கிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாநகராட்சிக் கவுன்சிலர் ஆலோசகர் அல்ல. அவர் அவையில் இருக்கை உள்ளவர், வாக்கு உள்ளவர். நகரத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ கை தூக்கும் உரிமை அவருக்கு உண்டு. 'நகர ஆலோசகர்' என்று மொழிபெயர்த்தால் அந்த உரிமையே மறைந்துவிடும்.

மாமன்ற உறுப்பினர் என்ற சொல்லில் அது பளிச்சென்று தெரிகிறது. மன்றம் மிகப் பழைய சொல். சங்கப் பாடல்களில் ஊரின் நடுவே, மரத்தடியில், எல்லோரும் கூடும் பொதுவெளிதான் மன்றம். சுவரும் கூரையும் பிறகு வந்தவை. உறுப்பினர் அவ்வளவு பழையது அல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் 'அங்கத்தினர்' என்றே எழுதினார்கள். அங்கம் வடசொல், அதைத் தமிழாக்கி உறுப்பினர் என்றார்கள். கார்ப்பரேஷன் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பதும் உடல் என்று பொருள்படும் கார்ப்பஸ் என்ற லத்தீன் சொல்தான். நகரம் ஓர் உடல், இவர் அதன் உறுப்பு. திட்டமிட்டார்களோ இல்லையோ, பொருத்தம் அருமையாக அமைந்துவிட்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அங்கே 'நகரம்' என்பது இடத்தை மட்டும் குறிக்கவில்லை, வணிகர்களின் ஆட்சி அவைக்கும் அதுவே பெயர். 'நகரத்தோம்' என்று தங்களைக் குறிப்பிட்டுக்கொண்டு அவர்கள் முடிவுகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரை ஆள்கிறவர்கள் 'ஊரோம்' என்றார்கள். அவையில் உட்காருகிறவரைச் சுட்ட நம்மிடம் சொல் இல்லாமல் இருந்ததே இல்லை.

வார்டு என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதன் வேர்ப்பொருள் காவல். ஆஸ்பத்திரி வார்டு, ஜெயில் வார்டன், நகர வார்டு எல்லாம் ஒரே குடும்பம். தமிழகக் கட்சிக்காரர்கள் இதை வட்டம் என்கிறார்கள், வட்டச் செயலாளர் பதவி அப்படி வந்ததுதான். ஆனால் தாலுகாவுக்கும் வட்டம் என்றுதான் பெயர். இலங்கைத் தமிழர்கள் 'வட்டாரம்' என்று வைத்துக்கொண்டது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கிராமத்தில் இதே வேலையைச் செய்கிறவர் 'வார்டு மெம்பர்'. அங்கே யாரும் அவரைக் கவுன்சிலர் என்பதில்லை.

சரி, சென்னைக்கு இந்தப் பதவி எப்போது வந்தது? மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பட்டயத்தின்படி மதராஸ் மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. ஒரு மேயர், அவர் நத்தானியல் ஹிக்கின்சன். அவரோடு 12 ஆல்டர்மேன்கள். ஆல்டர்மேன் என்றால் மூத்தவர் என்றே பொருள். அந்தப் பன்னிரண்டு பேரில் யூத வணிகர்களும் இருந்தார்கள், சௌகார்பேட்டையில் ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டிய ஆலங்காத்த பிள்ளையும் இருந்தார். அவர்கள் மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவர்கள் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தேர்ந்தெடுத்தவர்கள்.

கவுன்சிலர் என்ற சொல்லுக்குள் ஒரு முழு வாழ்க்கையே அடங்கும் என்பதைக் காட்டியவர் பிட்டி தியாகராய செட்டியார். 1852-ல் பிறந்தவர், நெசவுத் தொழில் நடத்தியவர், எப்போதும் வெள்ளை உடுப்பு. 'வெள்ளுடை வேந்தர்' என்ற பெயர் அதனால் வந்தது. 1882-ல் மாநகராட்சி மன்றத்துக்குள் போனவர் சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். இன்று பலருக்குக் கவுன்சிலர் பதவி எம்.எல்.ஏ. சீட்டுக்கு ஏறும் முதல் படி. அவருக்கு அப்படி இல்லை. 1920 தேர்தலில் அவருடைய நீதிக்கட்சி வென்று, மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தார்.

அதே 1920-ல், செப்டம்பர் மாதம், அவர் முன்வைத்த ஒரு யோசனையை மன்றம் ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு, ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது. தமிழ்நாட்டின் பள்ளி உணவு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு கவுன்சிலரால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த ஒரு அணாக் கதையைத்தான். தெருவில் நின்று செய்த உதவி அது இல்லை. மன்றத்தில் வைத்து, வாக்கு வாங்கி, செலவுக் கணக்கில் ஏற்றிய வேலை.

தியாகராய நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது. டி.நகரில் துணி எடுக்கப் போகும்போது சாலைப் பெயர்களைக் கவனியுங்கள். டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை. மூவரும் அந்த மன்றத்தில் உட்கார்ந்தவர்கள். அந்த நாயர்தான் தியாகராயரோடு மன்றத்தில் பல காலம் மோதிய டி.எம். நாயர். இருவரையும் சேர்த்து வைத்தவர் டாக்டர் நடேசனார், அவர் பெயரில் அங்கே ஒரு பூங்கா. ஒரு காலத்து நகர மன்றமே அங்கே தெருத்தெருவாகப் பரந்து கிடக்கிறது.

அப்புறம் ஒரு நீண்ட வெறுமை. 1973-ல் மஸ்டர் ரோல் எனப்படும் கூலியாட்களின் வருகைப் பதிவேட்டு ஊழல் விவகாரத்தையொட்டி மன்றம் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு சென்னைக்குக் கவுன்சிலர்கள் கிடைத்தது 1996-ல்தான். 23 ஆண்டுகள், ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறைக்குக் கவுன்சிலர் என்றால் அப்பா சொல்லும் பழங்கதை. 2016-லிருந்து 2022 வரை மறுபடியும் அதே நிலை. மன்றம் இல்லாத நாட்களில் அதிகாரிகள் நிர்வாகம் நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, ஆனால் ஏன் அள்ளவில்லை என்று அவையில் எழுந்து கேட்க ஆளில்லை. இந்தச் சொல்லின் அடிப்பொருளான அவை நம்மை விட்டு நழுவியதற்கு இந்த இடைவெளிகளும் காரணம் என்று நினைக்கிறேன். கவுன்சிலர் என்றதும் நமக்குத் தண்ணி லாரியும் தெருவிளக்கும் நினைவுக்கு வருகின்றன. மன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் அவர் என்ன பேசினார், எதற்கு ஓட்டுப்போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. மாமன்ற உறுப்பினர் என்று எழுதும்போது அந்தக் கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நான் அந்தச் சொல்லின் பக்கம் நிற்பது இதனால்தான்.

மேயருக்கு மட்டும் நல்ல தமிழ் இன்னும் கூடிவரவில்லை. அதன் வேர் 'பெரியவர்' என்னும் லத்தீன் சொல். யாழ்ப்பாணத்தில் மாநகர முதல்வர் என்கிறார்கள். இங்கே முதல்வர் என்றதும் கோட்டை நினைவுக்கு வருவதால் அது ஒட்டவில்லை. மேயர் மேயராகவே இருக்கட்டும்.

எழுத்தில் நான் பின்பற்றுவது இது: மாநகராட்சி என்றால் மாமன்ற உறுப்பினர், நகராட்சி என்றால் நகர்மன்ற உறுப்பினர், பேச்சில் கவுன்சிலர். பேச்சு வழக்கில் தவறில்லை, ஒரு வழக்கத்தைத் தவிர. சென்னை மன்றத்தின் 200 இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. 2022-ல் மேயரான பிரியா அந்த மன்றத்தின் முதல் தலித் பெண் மேயர். ஆனால் பல வார்டுகளில் பெண் ஒருவர் வென்ற மறுநாளே அவருடைய கணவரைக் 'கவுன்சிலர்' என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். கவுன்சிலர் வந்துவிட்டார் என்று நாற்காலி போட்டால் வந்து உட்காருவது அந்தக் கணவர்தான். மன்றத்தில் அவருக்கு இருக்கை கிடையாது, வாக்கும் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த அம்மா. பலகையில் இருப்பதும் அவர் பெயர்.