மாவட்டத் திட்டக்குழு: கவுன்சிலர்கள் எப்படி உறுப்பினராகிறார்கள், அந்த இடத்தை வைத்து என்ன செய்யலாம்?

நகராட்சியின் கழிவுநீர் வாய்க்கால் எல்லை தாண்டிப் போய்ப் பக்கத்து ஊராட்சியின் ஏரியில் விழுகிறது. நகராட்சி மன்றத்தில் கேட்டால், ஏரி தங்கள் எல்லையில் இல்லை என்பார்கள். கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆனால் அது நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. இரு தரப்பின் மக்கள் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பேசச் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. அதுதான் மாவட்டத் திட்டக்குழு.

74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் வரும் 243இசட்டி பிரிவு, மாவட்ட அளவில் திட்டக்குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. விரும்பினால் அமைத்துக்கொள்ளலாம் என்று அது மாநிலங்களுக்கு விட்டுவைக்கவில்லை. ஊராட்சிகளும் நகர உள்ளாட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்றாகத் தொகுப்பதும், மாவட்டம் முழுமைக்கும் வரைவு வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதும் குழுவின் வேலை. யார் தலைவர், எத்தனை பேர் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும். தமிழ்நாட்டில் அது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 241-வது பிரிவு.

யார் உறுப்பினர்?

தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவரே திட்டக்குழுவின் தலைவர். மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். மாநகராட்சி இருக்கும் மாவட்டத்தில் மேயரும் உறுப்பினர். இவர்கள் பதவி வழியாக வருபவர்கள். இவர்களைத் தவிர, மொத்த இடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்தல் மூலமாகவே நிரப்ப வேண்டும். மொத்தம் 15 பேர் என்றால் 12 பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 18 பேர் என்றால் கணக்கு 14.4 வருகிறது. "குறையாமல்" என்று சட்டம் சொல்வதால் அங்கே 14 போதாது, 15 வேண்டும். மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள் நிரந்தரச் சிறப்பு அழைப்பாளர்கள். வரலாம், பேசலாம், ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களின் கணக்கில் அவர்கள் சேரமாட்டார்கள்.

அடுத்த விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரகப் பக்கம் நிற்கவும் வாக்களிக்கவும் உரிமை உள்ளவர்கள் மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் மட்டுமே. அதாவது ஊரில் "மாவட்ட கவுன்சிலர்" என்று நாம் சொல்பவர்கள். கிராம ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் அந்த உரிமை இல்லை. நகரப் பக்கம் அப்படிப்பட்ட படிநிலை கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய மூன்றின் கவுன்சிலர்களும் நிற்கலாம், வாக்களிக்கலாம்.

இதனால் இரு பக்கத் தேர்தலுக்கும் நிறமே வேறாகிறது. மாநிலம் முழுதும் மாவட்ட ஊராட்சி வார்டுகள் 655. நகர உள்ளாட்சி வார்டுகளோ 2022 பிப்ரவரி தேர்தல் கணக்குப்படி 12,838. அதில் 7,621 பேரூராட்சி வார்டுகள். ஒரு மாவட்டத்தில் ஊரக இடங்களுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குள் பேசி முடித்துவிடலாம், போட்டியில்லாமலே முடிவதும் உண்டு. நகர இடங்களுக்கு நூற்றுக்கணக்கான கவுன்சிலர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். பேரூராட்சிக் கவுன்சிலர்கள் தங்கள் எண்ணிக்கை பலத்தை இன்னும் சரியாக உணரவில்லை என்பது எங்கள் கருத்து. மாநகராட்சிக் கவுன்சிலர்கள்தான் இதில் வெல்வார்கள் என்று எண்ணி மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள். சேர்ந்து நின்றால் பல மாவட்டங்களில் அவர்களே பெரும்பான்மை.

இடம் எப்படிப் பிரிகிறது?

ஊரக மக்கள்தொகைக்கும் நகர மக்கள்தொகைக்கும் உள்ள விகிதப்படி. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகரப் பகுதியில் இருந்தார்கள். அரியலூரில் 11 சதவீதம் பேர்தான். தேர்தல் இடம் 12 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்னியாகுமரியில் நகரத்துக்கு 10, ஊரகத்துக்கு 2 வரும். அரியலூரில் நகரத்துக்கு 1, ஊரகத்துக்கு 11 வரும். கணக்கு புரிவதற்காகத்தான் இந்த 12. உங்கள் மாவட்டத்தின் உண்மையான எண்ணிக்கை மாநிலத் தேர்தல் ஆணைய அறிவிப்பில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்புத் துறை "நகரம்" என்று எண்ணும் எல்லா ஊரும் நகராட்சியோ பேரூராட்சியோ அல்ல. பெரிய நகரங்களை ஒட்டி வளர்ந்த பல ஊர்கள் கணக்கெடுப்பில் நகரம், நிர்வாகத்தில் இன்னும் கிராம ஊராட்சி. அந்த ஊர் மக்களை நகரப் பக்கம் எண்ணினால், அவர்களுடைய மாவட்ட கவுன்சிலரின் தரப்புக்கு இடம் குறையும். இடப் பங்கீடு வெளியானதும், மக்கள்தொகையை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தேர்தல்

மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. 2023 ஜூன் 23 அன்று மாநிலத்தில் இதற்கு வாக்குப்பதிவு நடந்தது. அறிவிப்பு, மனுத் தாக்கல், பரிசீலனை, வாபஸ், வாக்குப்பதிவு என்று மற்றத் தேர்தல்களைப் போலத்தான், ஆனால் கால அவகாசம் மிகக் குறைவு. நிற்க நினைப்பவர் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் முன்பே இரண்டு காரியம் செய்ய வேண்டும். வாக்காளர் பட்டியலில் தன் பெயர், வார்டு எண், உள்ளாட்சியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. இடைத்தேர்தலில் வந்தவர்களின் பெயர் விடுபட வாய்ப்பு அதிகம். வெற்றிச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்திருப்பது இன்னொன்று. வாக்களிக்கும்போது, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் முத்திரை குத்தினால் வாக்கு செல்லாது. கையிலுள்ள சீட்டு ஊரகத்துக்கா நகரத்துக்கா, எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாசித்துவிட்டுக் குத்துங்கள்.

திட்டக்குழு இடம் உள்ளாட்சிப் பதவியோடு ஒட்டியது. கவுன்சிலர் பதவி முடிந்தால் இதுவும் முடிந்தது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, அதனால் அவர் ஊரக இடத்தில் உட்கார முடியாது. மாவட்ட ஊராட்சித் தலைவர் இல்லையென்றால் திட்டக்குழுவின் தலைவர் நாற்காலியும் காலி. ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதால் வரும் இழப்பைப் பற்றிப் பேசும்போது இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கிராமத்தின் குரல் கிராமத்தில் மட்டும் அடங்கவில்லை, மாவட்ட மேசையிலும் அடங்கிவிடுகிறது.

குழுவில் எதைப் பேசலாம்?

அரசியலமைப்பே பட்டியல் தருகிறது. ஊராட்சிக்கும் நகரத்துக்கும் பொதுவான விஷயங்கள், நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல், தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது, சாலை போன்ற கட்டமைப்புகளை ஒருங்கிணைத்து வளர்ப்பது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. கையில் இருக்கும் நிதி எவ்வளவு, மற்ற வளங்கள் என்ன என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது. பிறகு, குழு பரிந்துரைத்த திட்டத்தைத் தலைவர் மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் வார்டுக்குத் தெருவிளக்கு, எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை என்று பட்டியல் கொடுப்பதற்கான இடம் இது இல்லை. அதை உங்கள் மன்றத்திலேயே முடிக்கலாம். நடக்கும் கூட்டங்களில் பாதி நேரத்தை இந்தப் பட்டியல்கள்தான் தின்கின்றன. ஒரே உள்ளாட்சியால் முடியாததை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளொன்றுக்கு நாளுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு வடிவமைப்பு அளவு 135 லிட்டர். நகரத்தை ஒட்டி 12,000 பேர் வாழும் ஒரு கிராம ஊராட்சி. பாதிப் பேர் அடுக்குமாடியில், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, வாஷிங் மெஷின். வாழ்க்கை நகரத்து வாழ்க்கை, தண்ணீர் மட்டும் கிராமக் கணக்கு. 55 லிட்டர் வீதம் அந்த ஊருக்கு 6.6 லட்சம் லிட்டர் வருகிறது. 135 வீதம் பார்த்தால் 16.2 லட்சம் வேண்டும். துண்டு விழுவது 9.6 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் தினம் 80 நடை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதே பெரிய குழாய் அந்த ஊர் வழியாகத்தான் நகரத்துக்குப் போகிறது. குழாயில் எவ்வளவு ஓடுகிறது, எங்கே எவ்வளவு இறங்குகிறது, கோடையில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்று குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளரை வைத்துக்கொண்டு இரு தரப்பும் கேட்டு முடிவெடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் வேறு இல்லை.

இப்படி ஒரு பொருளைக் கொண்டுபோகும்போது ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு போதும், ஆனால் அதில் எண்கள் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட இரண்டு உள்ளாட்சிகளின் பெயர், இடத்தின் சர்வே எண், நில வகைப்பாடு, பயன்பெறும் அல்லது பாதிக்கப்படும் மக்கள் எண்ணிக்கை, உதவிப் பொறியாளரிடம் வாங்கிய தோராய மதிப்பீடு, பணம் எந்தக் கணக்கிலிருந்து வர முடியும் என்ற ஒரு வரி. கூடவே இரண்டு தீர்மானங்கள்: நகராட்சி மன்றத்தின் தீர்மானமும் கிராம சபையின் தீர்மானமும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஏற வேண்டியதை அக்டோபர் 2 கூட்டத்திலாவது பதிவு செய்துவிடுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டங்கள் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறுவது அந்தக் காலத்தை ஒட்டித்தான். பிப்ரவரியில் கொடுக்கும் கோரிக்கைக்கு, நிதி ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதில்தான் வரும், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். திட்டக்குழுவுக்கென்று அள்ளிக்கொடுக்கத் தனிப் பெட்டகம் இல்லை. வேலை நடப்பது உள்ளாட்சிகளின் சொந்த நிதியிலும், நிதிக்குழு மானியத்திலும், துறைகளின் திட்டங்களிலும்தான். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. ஏரிக்குள் கழிவுநீர் போவதைத் தடுக்கும் வேலையை இந்தத் தலைப்புகளுக்குள் கொண்டுவர முடிந்தால் ஊராட்சிப் பங்குக்கு வழி பிறக்கும். நகராட்சி தன் பங்கை வைக்க வேண்டும். யார் எவ்வளவு என்பதைக் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்வதுதான் குழுவின் பலம்.

கேரளத்தில் இந்தக் குழுவின் கை ஓங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே 15 பேர், அதில் 12 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உள்ளாட்சியின் ஆண்டுத் திட்டம் மாவட்டத் திட்டக்குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகுதான் வேலையாக மாறுகிறது. ஒப்புதல் தேவை என்பதால் கூட்டம் நடந்தே ஆக வேண்டும். இங்கே கூட்டம் நடக்காவிட்டாலும் பணம் துறை வழியாகப் போய்க்கொண்டிருக்கும், அதனால் கூட்டம் தள்ளிப்போவது யாருக்கும் உறைப்பதில்லை. இந்த வேறுபாடு சட்டத்தால் வந்தது, சட்டத்தால்தான் மாற வேண்டும்.

எங்கே கெடுகிறது?

முதலாவது, ஆய்வுக் கூட்டமாக மாறிவிடுவது. துறை அலுவலர்கள் வரிசையாக எழுந்து புள்ளிவிவரம் வாசிப்பார்கள், உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், டீ வரும், கூட்டம் முடியும். மத்திய அரசுத் திட்டங்களை ஆய்வு செய்ய நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் "திஷா" என்ற குழு தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் உறுப்பினர்கள் நிறைய. திஷா, நடக்கும் திட்டத்தைக் கண்காணிக்கிறது. திட்டக்குழு, இனி நடக்க வேண்டியதைத் திட்டமிடுகிறது. கூட்டப்பொருளில் துறைவாரி முன்னேற்றம் மட்டுமே இருந்தால், வரைவு வளர்ச்சித் திட்டத்தையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. நீங்கள் பேசியது "உறுப்பினர்கள் பல்வேறு கோரிக்கைகளை முன்வைத்தனர்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். அந்த வரியைக் காட்டி எந்த அலுவலரிடமும் வேலை வாங்க முடியாது. எழுதிக் கொடுத்த குறிப்பை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது பதிவாகும்வரை அந்தப் பொருளை விடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பெண் உறுப்பினருக்குப் பதில் கணவரோ மகனோ வந்து உட்காருவது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுடையது. தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த நாற்காலியில் உரிமை இல்லை, கையெழுத்துப் போடவும் உரிமை இல்லை. தலைவரும் ஆட்சியரும் முதல் கூட்டத்திலேயே இதைக் கறாராகச் சொல்லிவிட்டால் இரண்டாம் கூட்டத்தில் நிலைமை மாறும்.

குழுவில் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

கிராம ஊராட்சித் தலைவரோ, ஒன்றியக் கவுன்சிலரோ, சாதாரணக் குடிமகனோ, யாராக இருந்தாலும் குழு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(பி) பிரிவு, அரசு அலுவலகங்கள் தங்கள் குழுக்களின் விவரத்தையும், கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பு கிடைக்குமா என்பதையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லையா? 6(1) பிரிவின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். "மாவட்டத் திட்டக்குழு பற்றிய விவரம்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: தற்போதைய உறுப்பினர்கள் பட்டியல், ஊரக–நகர வாரியாக, கடந்த இரண்டு ஆண்டுகளில் கூட்டம் நடந்த தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், மாநில அரசுக்கு அனுப்பிய வரைவு மாவட்ட வளர்ச்சித் திட்டத்தின் நகலும் அனுப்பிய கடிதத்தின் எண்ணும் நாளும். 30 நாளில் பதில் வர வேண்டும். அனுப்பவே இல்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலோடு உங்கள் கவுன்சிலரையும் சட்டமன்ற உறுப்பினரையும் போய்ப் பாருங்கள்.