பொரி உருண்டை மண்ணில் வீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய மண்டபம் உண்டு. கல்யாணம், கருமாதி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் அங்கேதான் நடந்தன. இப்போது கதவு இல்லை, மின்கம்பி இல்லை. ஆள் உயரத்துக்குப் புல். அந்த இடத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டலாம் என்று பேச்சு அடிபட்டதும் மண்ணைத் துளைத்துப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "நெலம் சும்மா கெடக்கு, புள்ளைங்களுக்கு வீடு இல்ல. செங்கல்ல எறக்க வேண்டியதுதானே தம்பி, இதுல என்ன ஆராய்ச்சி?"

ஆயாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனரிலும் மேகசின் பாரக்ஸிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். காலியான கேட்டோ மேனரின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் புதராகவே கிடந்தது. அதை மறுபடி குடியிருப்பாக்க 1993இல்தான் தனி அமைப்பு உருவானது. ஆளை வெளியேற்றும்போது யாரும் மண் பரிசோதனை செய்யவில்லை. திரும்பக் குடியேற்றும்போது அது இல்லாமல் முடியாது.

முதலில் கூரை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான். சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை அதன் இழைகள் வெளியே வராது. உடைத்தாலோ, துளையிட்டாலோ, மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் அரித்துப்போனாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலால் அவற்றைக் கரைக்க முடியாது. மீசோதெலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் இந்த இழைக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உறுதியாகக் காட்டியது தென்னாப்பிரிக்க ஆய்வுதான்: வடமேற்குக் கேப் பகுதி நோயாளிகள் 33 பேரைப் பற்றி வாக்னரும் அவரது சகாக்களும் 1960இல் எழுதியது. நாடு ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்ய 2008 ஆனது. அதனால் கூரையைச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது. தகடுகளை நனைத்து, உடையாமல் முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென்றே உள்ள குப்பைக் கிடங்கில் புதைக்க வேண்டும். புல்டோசர் விட்டால் அரை நாளில் முடிகிற வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

அடுத்து தூண்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா, அதே வேதியியல்தான் இங்கும். நல்ல கான்கிரீட் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை மிக்கது; அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆண்டுகள் போகப்போகக் காற்றின் கரியமில வாயு மெல்ல உள்ளே நுழைந்து காரத்தைத் தின்றுவிடும். தூணில் ஒரு சில்லு உடைத்து, புதிதாகத் தெரியும் இடத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பானால் அந்தப் பகுதிக்கு உயிர் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. நிறமற்ற பட்டை கம்பி வரை எட்டியிருந்தால், துருப்பிடிப்பது ஆரம்பித்திருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். டர்பனில் கடலின் உப்புக் காற்றும் இதற்குத் துணை. எங்கள் மண்டபத் தூண்கள் சிவக்கவில்லை. ஆரத்தி சிவக்காத வீட்டுக்கு யார் வருவார்கள் என்று ஆயா முணுமுணுத்தார்.

இனி மண். வாடகையைத் தீர்மானிக்கிற விஷயம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

டர்பன் பக்கத்து மேடுகளில் பல இடங்களில் கிடப்பது பெரியா சிவப்பு மணல். காற்று குவித்த பழைய கடலோர மணல்மேடுதான் அது. லட்சக்கணக்கான ஆண்டுகளில் அதிலிருந்த சில கனிமங்கள் சிதைந்து களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் ஆயின. சிவப்பு வந்தது அந்த இரும்பால். களிமண்ணோ மணல் பருக்கைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொண்டது.

கார்த்திகைக்குப் பிடிக்கும் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிக்கும் பொரிக்கும் இடையே நிறைய வெற்றிடம்; தொடும் இடத்தில் மட்டும் வெல்லப்பாகு. காய்ந்த உருண்டை கல் மாதிரி, கடித்தால் பல் வலிக்கும். அதன்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் பாகு இளகிச் சட்டென்று அமுங்கிவிடும். மேலே கூடுதல் எடை எதுவும் வைக்கவில்லை, தண்ணீர் மட்டும்தான். சிவப்பு மணலும் அப்படியே. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல் நிற்கும். 'ஆஹா, என்ன உறுதி' என்று அதன்மேல் வீடு கட்டினால், என்றைக்கோ ஒரு நாள் தரைக்கடியில் குழாய் கசியும், அந்த மூலை மட்டும் இறங்கும், சுவர் படிக்கட்டு வடிவத்தில் வெடிக்கும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்றவர்களுக்கு இந்த மண் தெரிந்திருக்கும் போல.

எவ்வளவு அமுங்கும் என்று முன்கூட்டியே அளக்க முடியும். இதில் வழிகாட்டியவர்கள் ஜென்னிங்ஸ், நைட் என்ற இரு தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள். 1957இல் அவர்கள் முன்வைத்த முறையின் வழிவந்த சோதனை இன்றும் நடக்கிறது. மண்ணைக் கலைக்காமல் ஒரு வில்லையாக வெட்டி எடுத்து, இரும்பு வளையத்துக்குள் வைத்து, 200 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்கிறார்கள். அது அமுங்கி நின்றபின் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கூடுதலாக இறங்குகிறது? வில்லையின் உயரத்தில் 1 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை. 5ஐத் தாண்டினால் தொல்லை, 10ஐத் தாண்டினால் பெருந்தொல்லை.

இதை வைத்து மனைக்கு ஒரு முத்திரை குத்துவார்கள். நாட்டின் வீடு கட்டுவோர் பதிவுக் கவுன்சில் வழக்கப்படி, 5 மில்லிமீட்டருக்குள் இறங்கக்கூடிய மண் சி. 10 வரை சி1. அதற்கு மேல் சி2. கைவிடப்பட்ட இடங்களுக்குப் பெரும்பாலும் இவற்றைவிட மோசமான பி (P) முத்திரை கிடைத்துவிடும். யாரோ எப்போதோ இடித்த சுவர், கொட்டிய குப்பை, மூடிய கழிவுக்குழி எல்லாம் புல்லுக்கடியில் இருக்கும். அதனால்தான் துளையிடுபவர்கள் ஒரு கம்பியின்மேல் 8 கிலோ எடையை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கினால், அடியில் ஏதோ பொள்ளல்.

பரிகாரம் உண்டு, விசித்திரம் என்னவென்றால், மண்ணை மாற்றத் தேவையில்லை. அதே மண்ணைத் தோண்டி எடுத்து, அளவாகத் தண்ணீர் தெளித்து, சுமார் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்கினால் போதும். பொரி உருண்டையை நாமே முன்கூட்டி நனைத்து நசுக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். பெரிய மனையென்றால் தோண்டாமலே வேலை முடிக்க, மூன்று நான்கு பக்கம் கொண்ட 'சதுரச் சக்கர' உருளை இருக்கிறது. உருளும்போது ஒவ்வொரு முனையிலும் ஏறித் தொப்பென்று விழும். அந்த அடி ஒரு மீட்டர் ஆழத்தையும் தாண்டி எட்டும். இதுவும் தென்னாப்பிரிக்காவில், 1940களின் கடைசியில் பிறந்த யோசனைதான்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரும்பாலும் மனையின் பரப்பைப் பொறுத்தது. இறுக்கிய ஒரே மண்ணின்மேல் ஒரு வீடு கட்டினால் முழுச் செலவும் அதன் தலையில். மூன்று நான்கு மாடி எழுப்பினால் பங்கு குறையும். அதற்கு மேலே போனால் லிஃப்ட் வேண்டும், அதன் பராமரிப்பு மாதாமாதம் வாடகையில் ஏறும். இப்படிக் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகள் மாதம் 1,850 முதல் 22,000 ரேண்ட் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கானவை. கீழ்த்தட்டில் இருப்பவருக்கு அந்தச் சிறு ஏற்றமும் பெரிய தொகை. இவை பெரும்பாலும் நான்கு மாடிக்குள்ளேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

மழையை மறந்தால் கதை முடிந்தது. டர்பனில் ஓர் ஆண்டில் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300க்கு மேல் கொட்டி, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சரிவுகளில் இருந்த வீடுகள் மண்ணோடு சேர்ந்து போயின. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயிலையே 1905இல் வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. ஆகவே புது வீட்டைச் சுற்றிச் சிமெண்டு பாவிய ஓரம், கூரைத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோகும் வாய்க்கால், மண் கொஞ்சம் அசைந்தாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும் குழாய் இணைப்பு. படத்தில் அழகாக இராது. மலிவு வீட்டில் முதலில் வெட்டப்படுவதும் இவைதான்.

இவ்வளவையும் ஆயாவிடம் சொல்லி முடித்தேன். பொரி உருண்டை வரை தலையாட்டியவர் கடைசியில் கேட்டார்: "அப்போ சுவரோரமா முருங்க வச்சு, பாத்திரம் கழுவுன தண்ணிய விடக் கூடாதா?"

"கூடாது ஆயா. தள்ளி வைக்கணும்."

"எவ்ளோ தள்ளி?"

துளையிட வந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஓடையின் பக்கம், வேலியோரத்தைக் கைகாட்டினார். ஆயா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.