பிழை காட்டும் வம்சாவளி: புனித அலெக்சிஸ் பாட்டும் அதன் பிரதிகளும்

கல்யாண ராத்திரியே மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போன ரோமாபுரிப் பணக்கார வீட்டுப் பிள்ளை அலெக்சிஸ். 17 ஆண்டுகள் வெளியூரில் பிச்சையெடுத்தார். அப்புறம் ரோமுக்குத் திரும்பி, அப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே இன்னும் 17 ஆண்டுகள் யாருக்கும் அடையாளம் தெரியாமல் கிடந்து இறந்தார். இதைப் பழைய பிரெஞ்சில் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் யாரோ பாடிவைத்தார். ஐந்தைந்து வரியாக 125 செய்யுள்கள். அப்பா, அம்மா, மனைவி மூவரும் பிணத்தருகே வைக்கும் ஒப்பாரிதான், என்னைக் கேட்டால், பாட்டின் உச்சம்.

கவிஞர் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. மிகப் பழைய பிரதி 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் உருவான, பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் இப்போது ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமில். வேறு சில பிரதிகளும் உண்டு. எல்லாவற்றிலும் பாடபேதம், அதாவது ஒரே இடத்தில் வெவ்வேறு சொற்கள். சரி, கவிஞர் எழுதியது எது?

1872-இல் இதைப் பதிப்பித்த பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பாரிஸ், ஜெர்மானிய அறிஞர் லாக்மன் பெயரால் அறியப்படும் முறையைக் கையாண்டார். பரீட்சையில் இரண்டு பேர் சரியான விடை எழுதினால் சந்தேகம் வராது. ஒரே விசித்திரமான தப்பை எழுதினால்தான் வாத்தியார் நிமிர்ந்து உட்காருவார். பிரதிகளிலும் அப்படித்தான். இரண்டு பிரதிகள் ஒரே பிழையைச் சுமந்தால், இரண்டுக்கும் மேலே அந்தப் பிழையுள்ள ஒரு பொது மூதாதை இருந்திருக்க வேண்டும். இப்படிப் பிரதிகளுக்கு ஒரு வம்சாவளி வரையலாம். தனித்தனிக் கிளைகளில் வந்த பிரதிகள் ஒத்துப்போகும் பாடமே மூலத்துக்கு நெருக்கமானது.

ஆனால் எல்லாப் பிழையும் சாட்சிக்கு உதவாது. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால் எழுதுபவரின் கண் தாவி ஒரு வரி விட்டுப்போகும். தொடர்பே இல்லாத இருவருக்கும் இது நேரலாம். சில எழுத்தர்கள் இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடித்த பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். அங்கே வம்சாவளி குழம்பிவிடும்.

யாப்பும் துப்புக் கொடுக்கிறது. வரிக்குப் பத்து அசை, நான்காவதுக்குப் பின் ஒரு நிறுத்தம். இங்கிலாந்து எழுத்தர்கள் அசைக் கணக்கில் கொஞ்சம் தாராளம். எனவே ஓர் அசை இடித்தால் அங்கே எழுத்தரின் கைபட்டிருக்கலாம். வரி ஈற்றில் உயிரொலி மட்டும் ஒத்தால் போதும். முதல் செய்யுளில் ‘அமூர்’, ‘கொலூர்’ என்பவற்றோடு ‘ப்ரூத்’ என்பதும் நிற்கிறது. பிற்காலத்து ஆட்களுக்கு இது போதவில்லை. முழு இயைபு வேண்டுமென்று பாட்டையே திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தங்களையும் பாரிஸ் அதே நூலில் சேர்த்து அச்சிட்டார்.

பழைய பாட்டின் எழுத்துக்கூட்டலைக்கூட 11-ஆம் நூற்றாண்டு மொழி இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணித்து மாற்றிவிட்டார். எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பாட்டு! அவருடைய மாணவர் ஜோசப் பெதியேவுக்கு இந்த முறையில் நம்பிக்கை போயிற்று. பதிப்பாசிரியர்கள் வரைந்த 110 வம்சாவளிகளைப் பார்த்தார். 105-இல் இரண்டே கிளை. மூன்று கிளை இருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று பாடம் தானாக முடிவாகிவிடும். இரண்டு மட்டும் என்றால் தீர்ப்பு பதிப்பாசிரியர் கையில். தங்களை அறியாமலே அவர்கள் அதைத்தான் விரும்பினார்களோ என்பது 1928-இல் அவர் கிளப்பிய சந்தேகம்.

அவர் சொன்ன வழி எளியது: நல்ல பிரதி ஒன்றை எடு, வெளிப்படையான கைப்பிழையை மட்டும் திருத்து, மற்றதை அப்படியே அச்சிடு. நானும் இந்தக் கட்சிதான். ஆனால் எது கைப்பிழை, எது கவிஞரின் சொல் என்று தெரிய மற்றப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அதில் பாரிஸின் வேலை பாதி திரும்ப வந்துவிடுகிறது.