மண்ணில் பதிந்திருக்கும் மழைக்காலம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீடு கட்ட ஒரு மனை பார்த்திருக்கிறோம். இப்போது காய்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமா?"

பெரும்பாலும் இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஒரு குழி தோண்டினால் போதும்.

ஓர் இடம் கட்டுமானத்துக்கு ஏற்றதா என்று சூழல் நோக்கில் ஆராயும்போது பார்க்க வேண்டியவை நிறைய. சரிவு எந்தப் பக்கம், வெள்ளம் எந்த வழியாகப் போகும், அங்கே வாழும் உயிரினங்கள் என்னவாகும், முன்பு அந்த நிலத்தில் என்ன நடந்தது. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யவே கூடாது. அமெரிக்காவின் லவ் கெனால் பகுதியில் ரசாயனக் கழிவைப் புதைத்த இடத்தில் பள்ளிக்கூடமும், அதைச் சுற்றி வீடுகளும் எழும்பின. 1978இல் அங்கே அவசரநிலை அறிவித்து, குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சரி, தண்ணீருக்கு வருவோம். நீர்மட்டம் உயர்ந்தால் அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணின் தாங்கும் வலு குறையும் என்பது பலருக்கும் தெரியும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரைச் சுத்தம் செய்வதே காற்றோட்டமுள்ள மண்தான் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த மண் அடுக்கு நீரில் மூழ்கிவிட்டால் கிருமிகள் வடிகட்டப்படாமல் நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதனால்தான் நீர்மட்டம் வருஷத்தில் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்பது முக்கியம். நாம் போய்ப் பார்த்த அன்று எங்கே இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்த உச்ச உயரத்தை மண் நிறத்தில் குறித்து வைக்கிறது. எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத வேதியியல் இது.

மண்ணின் செம்மைக்கும் பழுப்புக்கும் காரணம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஒவ்வொரு மண் துகள் மீதும் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் மக்கிய இலையையும் வேரையும் தின்கின்றன. தின்பதில் வெளிப்படும் எலக்ட்ரான்களை அவை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். நாம் மூச்சு விடும்போது செய்வதும் அதையேதான், நமக்கு அதை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். காற்று இருக்கும்வரை அவற்றுக்கும் ஆக்சிஜனே போதும். மழை பெய்து மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பினால் நிலைமை மாறுகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இருந்தது சீக்கிரமே தீர்ந்துபோகிறது, புதிதாக வந்து சேர்வதில்லை.

பாக்டீரியாக்கள் அதற்காக நின்றுவிடுவதில்லை. நைட்ரேட்டிடம் போகின்றன, அப்புறம் மாங்கனீசிடம், அதுவும் தீர்ந்தால் இரும்பிடம். எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. துகள்மேல் இருந்த துருப் பூச்சு கரைந்து நகர, அடியில் இருக்கும் மண்ணின் சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது.

நீர் வடியும்போது காற்று முதலில் நுழைவது பழைய வேர்த்துளைகளிலும் வெடிப்புகளிலும்தான். கரைந்திருந்த இரும்பு அங்கே ஆக்சிஜனைச் சந்தித்ததும் மறுபடி துருவாகப் படிகிறது. சாம்பல் மண்ணுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள், வேர் போன வழியெல்லாம் துருக்கோடுகள். பல மழைக்காலங்கள் சேர்ந்து உண்டாக்கிய இந்தத் தடம் கோடையிலும் அழிவதில்லை.

ஆய்வாளர்கள் இதைக் கண்மதிப்பாகச் சொல்லிவிடுவதில்லை. ஆல்பர்ட் மன்செல் என்ற ஓவியர் 1905இல் விளக்கிய நிற முறையைப் பின்பற்றும் வண்ண அட்டைகளுடன் மண்ணை ஒப்பிடுகிறார்கள். நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதற்கு அந்த அட்டைகளில் ஓர் எண் உண்டு, அதுதான் நிறச்செறிவு; எண் குறையக் குறைய நிறம் சாம்பலை நெருங்கும். துருப்புள்ளிகளைச் சூழ்ந்த மண்ணின் நிறச்செறிவு 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அங்கே நீர் தேங்கியிருந்திருக்கும் என்று சந்தேகிப்பார்கள். இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. பிவிசி குழாய்க்கு இரும்பு ஆக்சைடு பூசி, ஈரமான பருவத்தில் சில வாரங்கள் மண்ணில் செருகி வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது பாக்டீரியாக்கள் வேலை செய்த உயரத்தில் மட்டும் பூச்சு கரைந்து வெள்ளைக் குழாய் தெரிகிறது!

மண் தவறான தகவல் தருவதும் உண்டு. மக்கு இல்லாத மணலில் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு இல்லை, அதனால் நீர் நின்றாலும் நிறம் மாறாமல் போகலாம். சில செம்மண் வகைகள் எளிதில் வெளுப்பதில்லை. பக்கத்தில் வடிகால் வெட்டி நீர்மட்டம் இறங்கிவிட்டாலும் பழைய சாம்பல் நிறம் நெடுங்காலம் அப்படியே இருக்கும். இதையெல்லாம் சரிபார்க்கக் கண்காணிப்புக் கிணறுகளில் பல ஆண்டுகள் எடுத்த நீர்மட்ட அளவுகள் தேவை. வருஷக்கணக்கில் ஒரே கிணற்றை அளந்துகொண்டிருப்பது கவர்ச்சியான ஆராய்ச்சி இல்லைதான். ஆனாலும் நிதி ஒதுக்குபவர்கள் முதலில் கைவைக்கக் கூடாத இடம் அதுதான் என்பேன்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஆழமான குழிக்குள் முட்டுக் கொடுக்காமல் இறங்காதீர்கள், சரிந்தால் உயிருக்கே ஆபத்து. மேலே நின்றபடி கைத்துளைப்பானால் அடுக்கடுக்காக மண்ணை எடுத்து வரிசையாக வையுங்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும்போது சாம்பலும் துருவும் கலந்த மண் முதலில் எந்த ஆழத்தில் வருகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு மண் ஆய்வாளரிடம் போங்கள், பக்கத்தில் யாராவது வடிகால் வெட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.