அந்த வீடியோவுக்கு மதிப்பெண் போட்டது யார்?

கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறும் பெரிய அலை, அதற்கான எச்சரிக்கை இருந்த ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலுள்ள கடியப்பட்டணத்திலிருந்து சித்தி போன் பண்ணினார். "மக்களே, குளச்சல்ல கடலு ஊருக்குள்ள ஏறிட்டாம், வீடியோ வந்திருக்கு, நீ பாத்தியா?" பார்த்தேன். எங்கேயோ எப்போதோ எடுத்த வீடியோ, ஓரத்தில் தெரிந்த கடைப் பலகையில் இருந்தது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஆனால் சித்தி 2004 சுனாமியைக் கண்ணால் கண்டவர். நான் விளக்கி முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திங்கள்சந்தைக்கு ஆட்டோ ஏறிவிட்டார்.

யாரோ ஒரு செயலியில் பார்த்ததைக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சரி, அந்தச் செயலி அதை ஏன் அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தது?

நீங்கள் செயலியைத் திறக்கும்போது காட்டுவதற்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் தயாராக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அல்காரிதம், அதாவது எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினிக் கணக்கு, சில கணிப்புகள் செய்கிறது: இவர் இதற்கு லைக் போடுவாரா, கமெண்ட் எழுதுவாரா, பகிர்வாரா, கடைசி வரை பார்ப்பாரா. ஒவ்வொரு கணிப்பையும் ஒரு எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மதிப்பெண். கூடுதல் மதிப்பெண் வாங்கியது மேலே வரும். இந்தக் கணக்கில் 'இது உண்மையா' என்ற கேள்வி தானாக வராது, யாராவது வேண்டுமென்று சேர்த்தால்தான் உண்டு.

அந்த எடைகள் இயற்கை விதி கிடையாது. ஒரு அறையில் உட்கார்ந்து மனிதர்கள் முடிவு செய்வது. ஃபேஸ்புக் 2017இல் கோப முகம் உட்பட எல்லா எமோஜிகளுக்கும் லைக்கைப் போல 5 மடங்கு எடை கொடுத்தது. கோபத்தைக் கிளறும் பதிவுகளில்தான் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஊழியர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கோப முகத்தின் எடை பூஜ்யமானது 2020இல். அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவராமல் இருந்திருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரிந்தே இருக்காது.

'மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம்' என்பது நிறுவனங்களின் பதில். இதில் பாதி உண்மை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்தார்கள். 1,500 பேரைச் சென்றடைய, உண்மை பொய்யைவிட ஏறக்குறைய 6 மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் அதே கதைதான்; பரப்பியது மனிதர்கள், பொய்ச் செய்திகளுக்கு வந்த பதில்களில் தெரிந்தது ஆச்சரியம், பயம், அருவருப்பு. ஆனால் கடற்கரையில் பிறந்தவருக்கு 'கடல் ஏறுது' என்றால் நெஞ்சு பதறத்தான் செய்யும், பதறாமல் இருந்தால் உயிர் போகும். அந்தப் பதற்றத்தை அளந்து, அதற்கு மதிப்பெண் கொடுத்து, இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டுவது நிறுவனம் எடுக்கிற முடிவு. அதற்குச் சித்தியைக் குறை சொல்வது அநியாயம்.

மாற்றவே முடியாது என்பதும் பொய். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் இங்கே ஆட்களை அடித்தே கொன்ற பிறகு, வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் படிக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்கள். அப்புறம் ஏன் உயிர் போகும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

கள்ளக்கடல் எப்படி வருகிறது தெரியுமா? தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் புயல் வீசும், அது கிளப்பிய அலை சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். இங்கே காற்றே இருக்காது. அதையும் ஐதராபாத்தில் இருக்கிற, கடல் நிலையைக் கணிக்கும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே கணிக்கிறது, ஏனென்றால் கடலில் மிதவைகள் இருக்கின்றன, அளவுகள் கிடைக்கின்றன. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனபோதும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆனால் 'அலை உயரம் இத்தனை மீட்டர்' என்ற அறிவிப்பை யார் பகிர்வார்கள், அதற்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்?

வதந்தி அலையை வெளியிலிருந்து அளக்கவும் ஒரு மிதவை இருந்தது. எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பார்க்க உதவிய கிரௌட்டேங்கிள் என்ற கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. எக்ஸ் (பழைய ட்விட்டர்) அதற்கு முந்தின வருடமே தன் தரவுகளுக்குப் பெரிய கட்டணம் வைத்துவிட்டது. அல்காரிதம் ரகசியமாகவே இருக்கட்டும், அது ஊரில் என்ன செய்கிறது என்று அளக்கவாவது விட வேண்டும். இந்த நிறுவனங்களின் கடமைகளில் முதலாவது இதுதான் என்பேன்.

அந்த வீடியோ நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குப் போனது என்று கேட்டு அந்தச் செயலிக்கு எழுதினேன். பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. சித்தி மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்குத் திரும்பினார்.